'ஆசியர்' என்ற சொல்லுக்குள் யார் யார் இருந்தார்கள்?

கேள்வி, 2025 ஜூன் 17

பிரித்தானிய அரசின் கோரிக்கையில் லூயிஸ் கேசி நடத்திய தணிக்கையின் அறிக்கை நேற்று வெளியாகியிருக்கிறது. இங்கிலாந்தில் சிறுமிகளைக் கூட்டாகப் பாலியல் சுரண்டலுக்கு உட்படுத்திய கும்பல்களைப் பற்றி ஊடகங்கள் பல வருடங்களாக வாய்மூடி இருந்தன என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். ஊடகங்கள்தான் ஒரு சிறுபான்மைச் சமூகம் முழுவதையும் கூண்டில் ஏற்றிவிட்டன என்று மறுசாரார் சொல்கிறார்கள். இவை இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்? தமிழ்ப் பத்திரிகையில் இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

2025 ஜூன் 18

இரண்டும் உண்மைதான், பெரும்பாலும் ஒரே சொல்லின் வழியாகவே இரண்டும் நடந்தன. பிரித்தானியப் பத்திரிகைகளில் 'ஏசியன்' என்றால் சீனரும் ஜப்பானியரும் அல்லர்; இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும்தான். பாகிஸ்தானியர், வங்காளதேசத்தவர், குஜராத்திகள், சீக்கியர், யாழ்ப்பாணத்துத் தமிழர் எல்லோரும் அந்த ஒரே குடையின் கீழ் அடக்கம். 2012 மே மாதம் லிவர்பூல் கிரவுன் நீதிமன்றத்தில் வட இங்கிலாந்து நகரமான ரொச்டேலில் சிறுமிகளைக் கூட்டாகச் சுரண்டிய வழக்கில் தண்டனை பெற்ற ஒன்பது பேரில் எட்டுப் பேர் பாகிஸ்தானியப் பின்னணி கொண்டவர்கள், ஒருவர் ஆப்கானியர். தண்டனை அறிவிக்கப்பட்ட அன்றிரவு பதினொரு மணிக்கு, நான் வேலை செய்த லண்டன் தமிழ் வார இதழின் மூன்றாம் பக்கத்தில் ஒரு விளம்பரம் வராமல் போனதால் இடம் காலியாக இருந்தது. ஆங்கிலச் செய்தியை முன்னால் வைத்துக்கொண்டு, "சிறுமிகளைச் சீரழித்த ஆசியர் ஒன்பது பேருக்குச் சிறை" என்று தலைப்பிட்டு நிரப்பினேன். அந்தத் தலைப்புக்குள் நானும் இருக்கிறேன் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

2025 ஜூன் 18, இரவு

மேலே எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். பத்திரிகைச் சம்பளத்தில் வீட்டு வாடகை கட்ட முடியாது என்பதால் சனி, ஞாயிறுகளில் ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்து வந்தேன். தீர்ப்பு வந்த வார இறுதியில், வழக்கமாக வரும் வெள்ளைக்காரர் ஒருவர் பால் போத்தலையும் ஒரு ஆங்கிலப் பத்திரிகையையும் என் முன்னால் வைத்தார். முதற்பக்கத்தில் பொலிஸார் எடுத்த முகப்படங்கள் மூன்று வரிசையாக இருந்தன. நடுவரிசையில் இருந்த படமொன்றை விரலால் இரண்டு முறை தட்டி, "உங்கள் ஆட்கள்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வது போலத்தான் சொன்னார். நான் உடனே, "நான் பாகிஸ்தானி அல்ல, இலங்கைத் தமிழன்" என்றேன். அவர் சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

வெட்கமாக இருந்தது. ஆனால் எதற்காக வெட்கம் என்று விளங்க எனக்கு வருடங்கள் பிடித்தன.

2025 ஜூன் 19

"ஊடகங்கள் மூடி மறைத்தன என்றால் எப்போது, யார்?" என்று கேட்டிருக்கிறார்கள். தேதிவாரியாகச் சொல்வதே நல்லது.

இன்னொரு வட இங்கிலாந்து நகரமான ரொதர்ஹாமில் 'ரிஸ்கி பிசினஸ்' என்ற இளையோர் திட்டம் 1997 இல் தொடங்கியது. அதில் இருந்தவர்கள் எந்தச் சிறுமியை எந்த வாகனத்தில் யார் ஏற்றிச் சென்றார்கள் என்ற விபரத்தை நகரசபைக்கும் பொலிஸாருக்கும் கொடுத்து வந்தார்கள். உள்துறை அமைச்சின் நிதியில் அங்கே வேலை செய்த ஓர் ஆய்வாளர் 2000களின் தொடக்கத்திலேயே இதைப் பற்றி எழுதினார், அது அமுக்கப்பட்டது. ரொச்டேலில் ஒரு சிறுமி 2008 இல் பொலிஸாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவள் நம்பகமான சாட்சி அல்ல என்று 2009 இல் வழக்கு கைவிடப்பட்டது. அந்த முடிவை 2011 இல் மாற்றி வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்ற வடமேற்குப் பகுதித் தலைமை வழக்குத்தொடுநர் நசீர் அஃப்சலும் பாகிஸ்தானியப் பின்னணி கொண்டவர்தான். தீவிர வலதுசாரிகள் அந்தத் தகவலைச் சொல்லும் வழக்கம் இல்லை.

பத்திரிகைகளில் இதை முதன்முதலில் வெளிக்கொணர்ந்தவர் 'த டைம்ஸ்' நிருபர் அண்ட்ரூ நோர்ஃபோக், 2011 ஜனவரியில். ரொதர்ஹாமின் இரகசிய ஆவணங்களை அவர் 2012 செப்டெம்பரில் வெளியிட்டார். அதன் அழுத்தத்தால் அமைந்த பேராசிரியர் அலெக்ஸிஸ் ஜேயின் விசாரணை 2014 ஓகஸ்டில், 1997 முதல் 2013 வரை அந்த ஒரு நகரத்தில் மட்டும் குறைத்துக் கணக்கிட்டாலும் 1,400 பிள்ளைகள் பாதிக்கப்பட்டார்கள் என்று சொன்னது. நோர்ஃபோக் சென்ற மாதம் மறைந்தார்.

2025 ஜூன் 20

திருத்தம். "முதன்முதலில்" என்று எழுதியது பிழை, ஒரு வாசகர் சரியாகச் சுட்டிக்காட்டியிருக்கிறார். பிராட்ஃபோர்ட், கீத்லி பகுதியில் நடந்ததைக் காட்டும் ஆவணப்படம் ஒன்றை சனல் 4 தொலைக்காட்சி 2004 மே மாதம் ஒளிபரப்பவிருந்தது. தேர்தல் நெருங்கியிருந்தது. தீவிர வலதுசாரிகளின் பிரிட்டிஷ் தேசியக் கட்சி அந்தப் படத்தைத் தன் தேர்தல் பிரசாரம் போலக் கொண்டாடத் தொடங்கியதால், கலவரம் வரலாம் என்று பொலிஸார் கேட்டுக்கொள்ள, நிலையம் அதைத் தள்ளிப்போட்டு ஓகஸ்டில் காட்டியது. கீத்லியின் தொழிற்கட்சிப் பாராளுமன்ற உறுப்பினர் ஆன் க்ரையர், தாய்மார்கள் தன்னிடம் வந்து சொன்னதை அதற்கு முன்பே பகிரங்கமாகப் பேசியிருந்தார். அதற்காக அவரை இனவாதி என்றும் ஏசினார்கள். 2005 தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவர் அதே தேசியக் கட்சியின் தலைவர் நிக் கிரிஃபின், க்ரையர் வென்றார். உண்மையைச் சொன்னவர் இனவாதி என்ற பட்டத்தையும் வாங்கி, இனவாதியை எதிர்த்துத் தேர்தலும் கேட்க வேண்டியிருந்தது.

நோர்ஃபோக்கின் கதையிலும் இதே முடிச்சு உண்டு. க்ரையர் பேசியதை அவர் அந்தக் காலத்திலேயே கேட்டிருந்தார். அது உண்மையாக இருந்துவிடக் கூடாது என்று தான் விரும்பியதையும், தீவிர வலதுசாரிகளின் கனவு நனவாவது போன்ற செய்தி என்பதால் ஒதுங்கி நின்றதையும் பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார். ஏறத்தாழ ஏழு வருடங்கள். ஒரு பதினொரு வயதுச் சிறுமி பதினெட்டு வயதாகும் காலம் அது.

2025 ஜூன் 20, சற்றுப் பிறகு

"அப்படியென்றால் நல்ல எண்ணம்தான் குற்றவாளியா?" என்று கேட்பவருக்கு: நல்ல எண்ணம் ஒரு காரணம், அதுவே முழுக் காரணம் என்று சொன்னால் பொலிஸார் மிக மலிவாகத் தப்பிவிடுவார்கள். குற்றவாளிகளின் இனத்தைக் குறிப்பிட்டால் இனவாதி என்று பெயர் வரும் என அஞ்சிய ஊழியர்களைப் பற்றியும், குறிப்பிட வேண்டாம் என்று மேலாளர்கள் சொன்னதாக நினைவுகூர்ந்தவர்களைப் பற்றியும் ஜே அறிக்கை எழுதியிருக்கிறது. ஆனால் பொலிஸார் அந்தச் சிறுமிகளை எப்படிப் பார்த்தார்கள் என்பதும் அதே அறிக்கையில்தான் இருக்கிறது. ஏழை வீட்டுப் பிள்ளைகள், பராமரிப்பு இல்லங்களில் வளர்ந்தவர்கள், குடிப்பவர்கள், சொற்கேளாதவர்கள். தாங்களாகவே தேடிப் போனவர்கள். இனவாதி என்ற பெயருக்குப் பயப்படாத அதிகாரிக்கும் அந்தப் பிள்ளைகள் மேல் அக்கறை இருக்கவில்லை. கும்பல் வெள்ளையர்களாக இருந்திருந்தால் இவர்கள் காப்பாற்றியிருப்பார்கள் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

ரொச்டேலில் பாலியல் சுகாதாரப் பணியாளர் சேரா ரோபோதம் 2005 முதல் 2011 வரை நூற்றெண்பதுக்கும் மேற்பட்ட தடவைகள் எழுதிக் கொடுத்தார். அதை வாங்கி வைத்தவர்கள் எல்லோரும் பன்மைப் பண்பாட்டின் பக்தர்கள் என்று யாராவது சொன்னால் சிரிப்பு வருகிறது.

2025 ஜூன் 23

எண்களைப் பற்றிக் கேட்டவருக்கு. இது நீளும்.

2011 இல் 'த டைம்ஸ்' எண்ணியது இப்படி: 1997 முதல் நடந்த 17 வழக்குகள், 13 நகரங்கள், தண்டனை பெற்றவர்கள் 56 பேர். அவர்களில் மூவர் வெள்ளையர், 53 பேர் ஆசியர், அந்த 53 பேரில் 50 பேர் முஸ்லிம்கள், பெரும்பான்மை பாகிஸ்தானியப் பின்னணி. இது கற்பனை அல்ல, நீதிமன்றப் பதிவு. ஆனால் எண்ணப்பட்டது ஒரு குறிப்பிட்ட வகை: தெருவில், கடைவீதியில் அறிமுகமாகி, ஒருவருக்கு மேற்பட்ட ஆண்கள் சேர்ந்து, 11 முதல் 16 வயதுச் சிறுமிகளைப் பிடித்த வழக்குகள். வீட்டுக்குள், பள்ளியில், தேவாலயத்தில், இணையத்தில் நடந்தவை அந்தக் கணக்கில் வராது. தங்கள் சிறிய ஆய்வை இவ்வளவு பெரிய முடிவுக்கு இழுக்க வேண்டாம் என்று லண்டன் யூனிவர்சிட்டி கொலேஜ் ஆய்வாளர்கள் எலா கொக்பேனும் ஹெலன் பிரேலியும் அப்போதே எச்சரித்தார்கள். அந்த எச்சரிக்கைக்கு முதற்பக்கம் கிடைக்கவில்லை.

2017 இல் ஒரு சிந்தனைக் குழு, இத்தகைய வழக்குகளில் தண்டனை பெற்றவர்களில் தெற்காசியர் 84 சதவீதம் என்று ஓர் எண்ணை வெளியிட்டது. எண் ஊர் ஊராக ஓடியது. எந்த வழக்குகளை எண்ணி அந்த 84 சதவீதம் வந்தது என்பது ஓடவில்லை. அடுத்து 2020 டிசெம்பரில் உள்துறை அமைச்சின் அறிக்கை, இத்தகைய குழுக்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் வெள்ளையரே என்ற தொனியில் வந்தது. மறுபக்கத்தினர் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், நான் உட்பட. முகநூலில் மூன்று முறை பகிர்ந்தேன். அந்த முடிவுக்கு அமைச்சு எப்படி வந்தது என்று விளங்கவில்லை என்று இப்போது கேசி எழுதியிருக்கிறார். கூட்டுக் குற்றவாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினரின் இனம் பதியப்படவே இல்லை என்பதுதான் அவருடைய கண்டுபிடிப்பு. கிரேட்டர் மான்செஸ்டர், தென் யோர்க்‌ஷயர், மேற்கு யோர்க்‌ஷயர் ஆகிய மூன்று பொலிஸ் பகுதிகளின் தரவுகளில் ஆசியப் பின்னணி கொண்ட சந்தேக நபர்கள் மக்கள்தொகை விகிதத்தை விட அதிகமாகத் தெரிகிறார்கள் என்கிறார். முழு நாட்டுக்கும் ஒரு முடிவு சொல்லத் தரவு போதாது என்றும் அவரேதான் சொல்கிறார். ஆளுக்கு ஒரு பாதியைப் படித்துவிட்டு இரண்டு பக்கமும் வெற்றிவிழாக் கொண்டாடுகின்றன.

ஒரு சிறுமியின் பழைய கோப்பைப் புரட்டும்போது 'பாகிஸ்தானி' என்ற சொல் வெள்ளை மையால் பூசி மறைக்கப்பட்டிருந்ததைத் தான் பார்த்ததாகக் கேசி பேட்டியில் சொன்னார். யாரோ ஓர் எழுத்தர், மேசையில் அமர்ந்து, அந்தச் சிறு தூரிகையை எடுத்துத் தடவி, காயும்வரை ஊதியிருக்க வேண்டும். அந்தச் சொல்லை அழிக்கத் தேவைப்பட்ட கவனத்தில் பாதியாவது பக்கத்திலிருந்த பெயருக்குக் கிடைத்ததா?

2025 ஜூன் 24

சுருக்கமாக: பூசி மறைப்பதற்கும் 'ஆசியர்' என்று எழுதுவதற்கும் அதிக தூரம் இல்லை. 'பாகிஸ்தானி' என்று எழுதக் கூசிய பத்திரிகைகள் 'ஆசியர்' என்று எழுதின. அதனால் சம்பந்தப்பட்டவர்கள் சற்று மறைந்தார்கள், சம்பந்தமே இல்லாதவர்கள் சற்று நனைந்தார்கள்.

2025 ஜூன் 26

முந்தாநாள் எழுதியது ஒரு நண்பருக்குப் பிடித்துப் போய், "அதைத்தான் சீக்கிய, இந்து அமைப்புகளும் 2012 இலேயே சொன்னார்கள்" என்கிறார். சொன்னார்கள்தான். எங்களை ஏன் சேர்க்கிறீர்கள் என்று அவர்கள் ஆட்சேபித்தபோது நானும் கைதட்டினேன். இப்போது என் கை அவ்வளவு வேகமாகத் தட்டாது. "ஆசியர் என்று எழுதாதே, பாகிஸ்தானி என்று எழுது" என்பது துல்லியத்துக்கான கோரிக்கையாகவும் இருக்கலாம், "எங்களை விடு, அவர்களை அடி" என்ற விண்ணப்பமாகவும் இருக்கலாம். பெற்றோல் நிலையத்தில் நான் சொன்ன பதில் இரண்டாவது வகை. அந்த மனிதரின் விரல் தட்டிய படத்துக்கும் ரொச்டேலிலோ பிராட்ஃபோர்டிலோ வண்டி ஓட்டும் ஒரு சாதாரண பாகிஸ்தானியச் சாரதிக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. அவரை விட்டுக்கொடுத்துவிட்டு நான் மட்டும் வெளியே வந்தேன்.

அதன் விலை என்னவென்று 2015 ஓகஸ்டில் தெரிந்தது. ரொதர்ஹாமில் பள்ளிவாசலுக்குத் தொழப் போய்க்கொண்டிருந்த 81 வயது முதியவர் ஒருவரை, சிறுமிகளைக் கெடுப்பவன் என்று ஏசி, அடித்துக் கொன்றார்கள். நகரத்தில் நடந்ததற்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

2025 ஜூலை 1

சொற்களைப் பற்றி. பிள்ளைகளை நம்பவைத்துச் சுரண்டலுக்குள் இழுக்கும் 'குரூமிங்' என்பதற்குத் தமிழில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். வெட்கக்கேடான பட்டியல் ஒன்று என்னிடம் இருக்கிறது: காதல் வலை வீசி, மயக்கி, ஆசை வார்த்தை காட்டி. தமிழ்நாட்டுச் செய்திகளில் வரும் 'உல்லாசம்' என்ற சொல்லை மட்டும் நான் எழுதவில்லை. எழுதவிருந்தேன், இடம் போதவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குக் கோழிப் பொரியலும் வொட்காவும் கைத்தொலைபேசிக்குப் பணம் ஏற்றும் அட்டையும் கொடுத்து, கடன்பட்டவளாக்கி, பயமுறுத்தி, ஆளுக்கு ஆள் கைமாற்றியதைக் 'காதல் வலை' என்று எழுதினால் அதில் யார் யாரைக் காதலித்தது?

ஆங்கிலத்திலும் கதை இதுதான். 'குழந்தை விபசாரி' என்ற கருத்து பிரித்தானியச் சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கியது 2015 இல்தான். பிறகு வந்த 'குழு அடிப்படையிலான குழந்தைப் பாலியல் சுரண்டல்' என்ற அலுவலகச் சொற்றொடர் நடந்ததைக் கழுவித் துடைத்துக் காட்டுகிறது என்று கேசி தன் அறிக்கையிலேயே குறைப்படுகிறார்; பலர் சேர்ந்து, பல முறை, அடித்து, பிள்ளைகளை வல்லுறவுக்கு உட்படுத்தியது என்று சொல்லுங்கள் என்கிறார். 13 முதல் 15 வயதுப் பிள்ளை 'சம்மதித்தாள்', 'காதலித்தாள்' என்ற காரணத்தால் வழக்கு சிறிய குற்றமாகக் குறைக்கப்படுவதை நிறுத்தி, அவளுடன் உறவு கொண்ட வளர்ந்த ஆண் மீது வல்லுறவுக் குற்றமே சுமத்தப்பட வேண்டும் என்பது அவருடைய முதற் பரிந்துரை. இனத்தைப் பற்றிய பத்திகளுக்குக் கிடைத்த இடத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை. சொல்லை மாற்றினால் தண்டனை மாறும் என்ற இடத்தில் யாருக்கும் சத்தம் போடத் தோன்றவில்லை.

2025 ஜூலை 1, இரவு

இல்லை, "யாருக்கும்" என்பது அதிகம். பாதிக்கப்பட்டவர்கள் சத்தம் போட்டார்கள். நாங்கள்தான் அதற்குத் தலைப்பு வைக்கவில்லை.

2025 ஜூலை 6

இதை எழுதுவதா வேண்டாமா என்று ஐந்து நாள் யோசித்தேன்.

நான் அந்த வார இதழில் இருந்த காலத்தில், எங்கள் ஆள் ஒருவர், தமிழர், ஒரு சிறுமிக்குச் செய்ததற்காக நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார். எந்த ஊர், எந்த வருடம் என்று எழுத மாட்டேன். பிள்ளையை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது. அவர் சமூகத்தில் மாலை வாங்கும் மனிதர், பொங்கல் விழா மேடைகளில் இருந்தவர். நான் செய்தியை அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தேன். வியாழக்கிழமை மாலை தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. ஒருவரும் பொய் என்று சொல்லவில்லை. "வெள்ளைக்காரன் என்ன நினைப்பான்," "எங்கள் சனத்தின் மானம்," "வெளியே தெரிந்தால் எங்கள் அகதி வழக்குகளுக்கு என்ன ஆகும்," இவைதான். கடைசியாகப் பேசியவர் ஒரு பெண். அவர் அழுதார். ஆசிரியர் என்னைப் பார்க்காமல் சிவப்புப் பேனாவை எடுத்து அரைப் பக்கத்தை இரண்டு வரியாக்கினார். அந்த இரண்டு வரியில் 'தமிழர்' என்ற சொல் இல்லை. 'ஆசிய நபர் ஒருவர்' என்றிருந்தது.

தட்டச்சு செய்து பக்கத்தில் ஏற்றியவன் நான்.

ரொதர்ஹாம் நகரசபையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவதற்கு முன்னால் இதைச் சொல்லியிருக்க வேண்டும். வெள்ளை மைப் போத்தல் எங்கள் மேசையிலும் இருந்தது.

2025 ஜூலை 7

ஆறுதல் சொன்னவர்களுக்கு: ஆறுதல் கேட்டு எழுதவில்லை.

"அந்த அம்மா சொன்ன பயம் நியாயமானது இல்லையா?" என்ற கேள்விதான் சரியான கேள்வி. நியாயமான பயம்தான். ஒரு வெள்ளைக்காரர் குற்றம் செய்தால் அது அவருடைய குற்றம். எங்களில் ஒருவர் செய்தால் அது எங்கள் குற்றம். இந்த அநியாயத்தைப் பத்திரிகைகள்தான் வளர்த்தன. ஆனால் அந்தப் பயத்துக்கான விலையைக் கொடுத்தது அந்த அம்மாவோ ஆசிரியரோ நானோ அல்ல, அந்தப் பிள்ளை. பயம் எங்களுடையது, கணக்கு அவளுடைய பெயரில்.

2025 ஜூலை 12

அந்தச் சிறுமியின் நினைவில்தான் இதைத் தேடிப் படித்தேன். 2013 இல் பிரித்தானிய முஸ்லிம் பெண்கள் வலையமைப்பு, ஷாயிஸ்தா கோஹிரின் முயற்சியில், ஆசிய, முஸ்லிம் சிறுமிகளுக்கு நடந்த 35 சம்பவங்களைத் தொகுத்து வெளியிட்டது. சுரண்டியவர்கள் பெரும்பாலும் அவர்களுடைய சொந்தச் சமூகத்து ஆண்கள். வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயமே அந்தப் பிள்ளைகளுக்குப் போட்ட விலங்கு. பொலிஸுக்குப் போனால் குடும்ப மானம், போகாவிட்டால் மறுபடியும் அதே வாகனம். கும்பல்கள் வெள்ளைச் சிறுமிகளை மட்டுமே தேடினார்கள் என்ற கதைக்கு இவர்கள் இடைஞ்சல். இவையெல்லாம் முஸ்லிம் எதிர்ப்புக் கட்டுக்கதை என்ற கதைக்கும் இவர்கள் இடைஞ்சல். ஆகவே இரண்டு பக்கப் பத்திரிகைகளிலும் இவர்களுக்கு இடம் மிகக் குறைவு.

ஜே அறிக்கையிலும் ஒரு பகுதி உண்டு, பலர் தாண்டிப் போகிறார்கள். ரொதர்ஹாம் நகரசபை பாகிஸ்தானியச் சமூகத்துடன் பேசியதெல்லாம் ஆண் கவுன்சிலர்கள் வழியாகவும் இமாம்கள் வழியாகவும்தான். பெண்களிடம் நேரே யாரும் கேட்கவில்லை. கோயில் நிர்வாகசபைத் தலைவரிடம் கேட்டுவிட்டுத் 'தமிழ்ச் சமூகத்தின் கருத்து' என்று எழுதும் நிருபர்களை அறிந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. நானும் அந்தத் தலைவர்களுக்குத்தான் தொலைபேசி எடுப்பேன். அவர்கள் உடனே எடுப்பார்கள், அழகாகப் பேசுவார்கள், மதிய உணவும் தருவார்கள்.

2025 ஜூலை 13

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர், "சிறுபான்மையினர் பாதிக்கப்பட்டவர்களாக இருந்தால் ஊடகங்கள் எப்படி நடந்துகொள்ளும்?" என்கிறார். கட்டுவா. 2018 ஜனவரியில் ஜம்முவில் பக்கர்வால் முஸ்லிம் நாடோடிக் குடும்பத்தின் எட்டு வயதுப் பிள்ளை வல்லுறவுக்கு உட்படுத்தப்பட்டுக் கொல்லப்பட்டாள். மூன்று மாதம் கழித்து, குற்றப்பத்திரிகை தாக்கலாவதை வழக்கறிஞர்கள் தடுக்க முயன்றபோதுதான் நாடே திரும்பிப் பார்த்தது. பார்த்த வேகத்தில் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் பிள்ளையின் பெயரையும் படத்தையும் போட்டன. டெல்லி உயர் நீதிமன்றம் பன்னிரண்டு ஊடக நிறுவனங்களைத் தலா 10 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது. 2019 ஜூனில் பதான்கோட் நீதிமன்றம் ஆறு பேரைக் குற்றவாளிகள் என்றது. இங்கே மேலதிகமாகக் கவனிக்க வேண்டியது: குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காகக் கொடி பிடித்து ஊர்வலம் போனவர்களும் தங்கள் சமூகத்தின் மானத்தைத்தான் காப்பதாகச் சொன்னார்கள். பெரும்பான்மைக்கும் அந்த மானம் உண்டு.

2025 ஜூலை 19

துல்லியம் துல்லியம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒரு பத்திரிகைக்காரனின் சடங்கு என்று கிண்டல் செய்திருக்கிறார்கள். சரி, நடைமுறையில் அது என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம். 2023 ஏப்ரலில் அன்றைய உள்துறை அமைச்சர் சுவெல்லா பிரேவர்மன் 'த மெயில் ஒன் சண்டே' பத்திரிகையில் இந்தக் கும்பல்கள் ஏறத்தாழ முழுவதும் பிரித்தானியப் பாகிஸ்தானியர்கள் என்ற பொருளில் எழுதினார். பிரித்தானியப் பத்திரிகை ஒழுங்குவிதியில் பாகுபாட்டுக்கு எதிரான பிரிவு தனிநபர்களைத்தான் காக்கும், ஒரு சமூகத்தைக் காக்காது. அந்த வழியில் முறையிட்டவருக்குக் கதவு மூடியிருந்தது. திறந்தது துல்லியம் பற்றிய முதலாம் பிரிவு. ரொதர்ஹாம், ரொச்டேல் போன்ற குறிப்பிட்ட வழக்குகளைப் பற்றி என்று சொல்லாமல் பொதுவாகச் சொன்னது வாசகரைத் தவறாக வழிநடத்துகிறது என்று ஒழுங்குமுறை அமைப்பு 2023 செப்டெம்பரில் தீர்த்தது; பத்திரிகை திருத்தம் போட்டது. நன்றாக இருந்தது. அந்தத் திருத்தத்தை எத்தனை பேர் படித்தார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

எதிர்ப்பக்கத்துக்கும் ஓர் உதாரணம் தர வேண்டும். அதிகாரிகள் மறைக்கிறார்கள் என்று சொல்லி, 2018 மே மாதம் தீவிர வலதுசாரிச் செயற்பாட்டாளர் டொமி ரொபின்சன் லீட்ஸ் நீதிமன்ற வாசலில் நின்று, நடந்துகொண்டிருந்த ஹடர்ஸ்ஃபீல்ட் வழக்கை நேரலையாக ஒளிபரப்பினார். அந்த வழக்கைச் செய்தியாக்க நீதிமன்றம் விதித்திருந்த தடை நிரந்தர இருட்டடிப்பு அல்ல; தொடர்ச்சியாக நடக்கவிருந்த விசாரணைகள் முடியும்வரை செய்தியைப் பொறுத்துவைக்கச் சொன்ன உத்தரவு. விசாரணை குழம்பியிருந்தால் குற்றவாளிகள் வெளியே வந்திருப்பார்கள், சிறுமிகள் மறுபடியும் சாட்சிக் கூண்டில் ஏறியிருப்பார்கள். தடை நீங்கிய அந்த ஒக்டோபரில் இருபது பேரின் தண்டனை எல்லாப் பத்திரிகைகளிலும் பெயருடன் வந்தது.

2025 ஓகஸ்ட் 14

நேற்று வந்த செய்தி: பெரிய கவனம் பெறும் வழக்குகளில் குற்றம் சாட்டப்படுவோரின் இனத்தையும் நாட்டையும் வெளியிடுவதைப் பொலிஸார் ஊக்கத்துடன் பரிசீலிக்க வேண்டும் என்று புதிய இடைக்கால வழிகாட்டல். பின்னணி எல்லோருக்கும் தெரிந்ததே. 2024 ஜூலையில் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டபோது, கொன்றவர் அகதியாக வந்த முஸ்லிம் என்ற பொய் சில மணிநேரத்தில் பரவியது. பிடிபட்டவர் கார்டிஃபில் பிறந்தவர். அந்தக் கலவர வாரத்தில் அகதிகள் தங்கியிருந்த விடுதியொன்றுக்குத் தீ வைக்க முயன்ற இடம் எது தெரியுமா? ரொதர்ஹாமின் புறத்தே, மான்வர்ஸில்.

மௌனம் பொய்க்கு இடம் கொடுக்கும் என்பது சரிதான். ஆனால் ஒவ்வொரு முறையும் இனத்தைச் சொல்லத் தொடங்கினால், சொல்லாத ஒரு நாள் அதுவே குறிப்பாகிவிடும். மே மாதம் லிவர்பூலில் கூட்டத்துக்குள் வாகனம் புகுந்தபோது, பிடிபட்டவர் 53 வயதான வெள்ளைப் பிரித்தானியர் என்று பொலிஸார் விரைவிலேயே அறிவித்தார்கள். எல்லோரும் மூச்சு விட்டார்கள், நானும்தான். மூச்சு விட்ட பிறகுதான் காயப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தேன். என்னுடைய வரிசை அது.

ஜூன் 18 இல் எழுதியதை இப்போது சற்று மாற்றிச் சொல்வேன்: இனத்தைக் குறிப்பதா வேண்டாமா என்பதில் எனக்கு இப்போது பெரிய தயக்கமில்லை. நீதிமன்றத்தில் நிறுவப்பட்டதைக் குறியுங்கள், எந்த நகரம், எத்தனை பேர், எந்த வழக்கு என்பதோடு சேர்த்துக் குறியுங்கள், வெள்ளையர்களுக்கும் அப்படியே குறியுங்கள். என் தயக்கம் வரிசையைப் பற்றியது.

2025 ஓகஸ்ட் 31

பரணில் இருந்த பெட்டியை இறக்கி, 2012 மே மாதத்து இதழைத் தேடி எடுத்தேன். தாள் பழுப்பேறி, மடிப்பில் கிழிந்திருந்தது. பக்கத்தில் ஒரு நகைக்கடை விளம்பரம், கீழே மரண அறிவித்தல் இரண்டு. நான் எழுதிய செய்தி பதினான்கு வரி. ஒன்பது பேரைப் பற்றி ஏழு வரி, நீதிபதி சொன்னது மூன்று வரி, வெளியே ஆர்ப்பாட்டம் செய்த வலதுசாரிகளுக்கு மூன்று வரி. கடைசி வரி: "பாதிக்கப்பட்ட சிறுமிகளின் பெயர் விபரங்கள் வெளியிடப்படவில்லை." சட்டப்படி சரியான வரிதான். வயது, அவர்கள் எத்தனை பேர், எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பது எதுவும் அதில் இல்லை. அவற்றை வெளியிட எந்தச் சட்டமும் தடை சொல்லவில்லை.

மற்ற இதழையும் தேடினேன், இரண்டு வரிக்குச் சுருக்கியதை. அந்த வாரத்துப் பிரதி பெட்டியில் இல்லை.